அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலக் குடும்பத்தின் வம்சாவளியைத் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டப்ளினில் வேலை பார்த்த ஆண்டுகளில், பெரம்பூரைச் சேர்ந்த ஆங்கிலோ இந்திய நண்பர் ஒருவருக்காக அவருடைய முன்னோரைத் தேட ஆரம்பித்தேன். அவருக்குத் தேடியதைப் பார்த்து அவருடைய அத்தை கேட்டார், அத்தைக்குத் தெரிந்தவர்கள் கேட்டார்கள். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் அதேதான். அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன்.

“எங்க வீட்டுல இங்கிலீஷ் வம்சம்னுதான் சொல்வாங்க. அப்போ இங்கிலாந்துலதானே தேடணும்?”

கடைசியில் அங்கே போக வேண்டியிருக்கும். ஆனால் ஆரம்பிக்கும் இடம் அது இல்லை. 1600 வாக்கில் இங்கிலாந்தின் டெவனிலிருந்து தெற்கு அயர்லாந்தின் கார்க் பக்கம் வந்த ஒருவரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் அயர்லாந்திலேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் செய்து, அங்கேயே அடக்கமானவர்கள். நடுவில் எட்டுப் பத்துத் தலைமுறைகள் இருக்கின்றன. அதையெல்லாம் தாண்டிக் குதித்து, டெவனில் அதே பெயர் கொண்ட ஒருவரைப் பிடித்து முடிச்சுப் போட்டால், யார் வீட்டுத் தாத்தாவையோ நம் தாத்தா ஆக்கிவிடுவோம். நான் அதிகம் பார்த்த தப்பு இதுதான்.

உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஆளிடமிருந்து தொடங்குங்கள். அவருடைய அப்பா, அந்த அப்பாவின் அப்பா என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போங்கள். ஒவ்வொரு படிக்கும் கையில் ஒரு காகிதம் வேண்டும்.

“குடியேறினவங்க எல்லாரும் ஒரே சமயத்துல வந்தவங்களா?”

இல்லை, அலை அலையாக வந்தார்கள். 1169-ல் வெக்ஸ்ஃபோர்ட் கரையில் இறங்கிய நார்மன்களோடு வந்தவர்களை ‘பழைய ஆங்கிலேயர்’ என்பார்கள். ஃபிட்ஸ்ஜெரால்ட், பர்க் போன்ற குடும்பங்கள் அந்த வகை. 1550-களில் லீஷ், ஆஃபலி பகுதிகளில் அரசே நிலம் கொடுத்துக் குடியேற்றியது. டெஸ்மண்ட் பிரபுவின் கலகம் 1583-ல் அடங்கிய பிறகு தெற்கு மாகாணமான மன்ஸ்டரில் குடியேற்றம் நடந்தது. கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சரும் வால்டர் ராலியும் அதில் நிலம் பெற்றவர்கள். 1607-ல் வடக்கின் கேலிக் (பூர்வீக ஐரிஷ்) பிரபுக்கள் கப்பலேறிப் போன பின் வடக்கு மாகாணமான அல்ஸ்டரின் ஆறு கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பெரிய குடியேற்றம் தொடங்கியது. 1650-களில், அயர்லாந்தைப் படையோடு வந்து அடக்கிய ஆங்கிலத் தளபதி கிராம்வெல்லின் படைவீரர்களுக்கும் போருக்குப் பணம் போட்டவர்களுக்கும் நிலம் பங்கிடப்பட்டது.

இந்தத் திட்டம் எதிலும் சேராமல் வியாபாரிகள், குருமார்கள், கைவினைஞர்கள் என்று தனித்தனியாக வந்தவர்களும் நிறைய. எந்த அலையில் வந்தார்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடாதீர்கள். பதிவேடுகள் சொல்லட்டும்.

“பேரைப் பார்த்தாலே தெரியுமே, ஸ்மித்னா இங்கிலீஷ்தானே?”

நம்பாதீர்கள். கேவன் கவுண்டியில் ஸ்மித் என்று இருப்பவர்களில் பெரும்பாலானோர் மக் கவன் என்ற ஐரிஷ் குலத்தவர். கவ என்றால் ஐரிஷில் கொல்லர். பெயரை அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டார்கள். ஓ க்ளேரி என்ற பெயர் கிளார்க் ஆனதும் இப்படித்தான். 1465-லேயே டப்ளினைச் சுற்றிய பகுதிகளில் வாழ்ந்த ஐரிஷ்காரர்கள் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டார்கள்: ஓர் ஊரின் பெயர், அல்லது வெள்ளை, கறுப்பு, பழுப்பு போன்ற ஒரு நிறம், அல்லது ஸ்மித், கார்ப்பென்டர் போன்ற ஒரு தொழில்.

எதிர்த் திசையிலும் சிக்கல் உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை எதிர்த்த படையில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய தாத்தா பிறந்தபோது ரிச்சர்ட் காலி. காலி குடும்பம் 16-ம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்திலிருந்து வந்தது. 1728-ல் காரெட் வெஸ்லி என்ற உறவினரின் சொத்து வந்தபோது, அதோடு வெஸ்லி என்ற பெயரையும் அவர் ஏற்றார். 1798-ல் பேரன்கள் அதை வெல்லெஸ்லி என்று மாற்றினார்கள். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போயிருந்தால் 1728-ல் தடம் வேறு குடும்பத்துக்குப் போயிருக்கும். சொத்தோடு பெயர் மாறுவது நிலவுடைமைக் குடும்பங்களில் சகஜம்.

“சரி, முதல்ல எந்த ரெக்கார்டைத் தொடணும்?”

பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளை. அயர்லாந்தில் எல்லோருக்குமான பதிவு 1864 ஜனவரி 1-ல் தொடங்கியது. கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணங்கள் மட்டும் 1845 ஏப்ரல் 1 முதலே பதிவாகின. நாம் தேடுவது பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் குடும்பங்கள் என்பதால் அந்தப் பத்தொன்பது ஆண்டுகள் நமக்கு லாபம். திருமணப் பதிவில் மணமகன், மணமகள் இருவருடைய அப்பாக்களின் பெயரும் தொழிலும் இருக்கும். 1850-ல் மணந்த ஒருவரின் அப்பா 1790-களில் பிறந்தவராக இருக்கலாம். ஒரே காகிதத்தில் அவ்வளவு தூரம் போய்விடுகிறோம். ஐரிஷ் அரசின் வம்சாவளி இணையதளத்தில் இவற்றின் படங்களை இலவசமாகப் பார்க்கலாம். வட அயர்லாந்துக்குத் தனி அலுவலகம், அதற்குக் கட்டணம் உண்டு.

அடுத்து 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கு. இவையும் இலவசம். குடும்பத் தலைவர் தன் கையால் நிரப்பிக் கையெழுத்திட்ட தாளே கிடைக்கும். பெயர், தலைவருக்கு என்ன உறவு, மதம், எழுதப் படிக்கத் தெரியுமா, வயது, தொழில், பிறந்த கவுண்டி, ஐரிஷ் பேசுவாரா என்று ஒரு வரிசை. 1911 தாளில் மணமான பெண்ணுக்கு எதிரே கல்யாணமாகி எத்தனை வருஷம், உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது இருப்பது எத்தனை என்று மூன்று கட்டங்கள். ஒரு தாளில் 24, 11, 7 என்று பார்த்தேன். மீதி நான்கு பேரைத் தேடிப் போகத் தோன்றியது அந்த எண்களால்தான். வீட்டைப் பற்றிய தனித் தாளில் கூரை ஓலையா பலகைக்கல்லா, முன்பக்கம் எத்தனை ஜன்னல் என்பது வரை இருக்கும்.

“ஊர்ப் பேர் இருக்கு, ஆனா மேப்புல அந்த ஊரே இல்லையே?”

நீங்கள் பார்ப்பது டவுன்லேண்ட் பெயராக இருக்கும். டவுன் என்று இருந்தாலும் அது நகரம் இல்லை. சில வயல்களும் நாலைந்து வீடுகளும் கொண்ட நிலப் பிரிவு அது. அயர்லாந்தில் இப்படி அறுபதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. பல டவுன்லேண்டுகள் சேர்ந்தால் ஒரு பாரிஷ் (சர்ச் வட்டாரம்), பல பாரிஷ்கள் சேர்ந்து பேரனி, அதற்கு மேல் கவுண்டி. நம்மூரில் சர்வே எண் இல்லாமல் நிலத்தைத் தேட முடியாது என்பது போல, அங்கே டவுன்லேண்ட் தெரியாமல் ஒரு குடும்பத்தைத் தேட முடியாது.

ஒரே பெயரில் பத்து டவுன்லேண்டுகள் இருக்கும். எழுத்தும் ஆளுக்கு ஆள் மாறும். 1851 கணக்கெடுப்பை வைத்துத் தயாரித்த டவுன்லேண்ட் அகரவரிசைப் பட்டியலில் பாரிஷ், பேரனி, கவுண்டியோடு பார்த்து, உங்களுடையது எது என்று தீர்மானியுங்கள். இதற்கு ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த ஒரு தகவலை நம்பித்தான் நிற்கின்றன.

“1922-ல எல்லாமே எரிஞ்சு போச்சாமே? அப்புறம் எதுக்கு மெனக்கெடணும்?”

அடிக்கடி வருவதும், வலிக்க வைப்பதுமான கேள்வி. உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1922 ஜூன் 30 அன்று டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளில் மிகப் பெரும்பகுதி, அயர்லாந்து திருச்சபையின் பதிவேடுகளில் பாதி, உயில்களின் மூலப்படிகள் எல்லாம் போயின. எரிந்த காகிதத் துண்டுகள் நகரத்தின் மேல் பறந்து விழுந்தன.

ஆனால் ‘எல்லாமே’ என்பது தப்பு. 1861 முதல் 1891 வரையிலான கணக்கெடுப்புத் தாள்கள் அந்தத் தீயில் போகவில்லை, அதற்கு முன்பே அரசாங்கம் அழித்துவிட்டது. நிலப் பத்திரங்கள் வேறு கட்டடத்தில் இருந்ததால் தப்பின. உயில்கள் எரிந்தாலும் அட்டவணைகள் பிழைத்தன. சர் வில்லியம் பெத்தம் என்ற அதிகாரி, நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆயிரக்கணக்கான உயில்களிலிருந்து குடும்ப உறவுகளை மட்டும் குறித்து வைத்திருந்தார். அந்தக் குறிப்பேடுகள் இன்றும் இருக்கின்றன.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. 1909-ல் எழுபது வயதானவர்களுக்கு ஓய்வூதியம் தர ஆரம்பித்தார்கள். 1864-க்கு முன் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்று கிடையாதே! அதனால் 1841, 1851 கணக்கெடுப்பில் தங்கள் பெயரைத் தேடித் தரச் சொல்லி மனுப் போட்டார்கள். குமாஸ்தாக்கள் பார்த்து எழுதித் தந்த படிவங்கள் பிழைத்துவிட்டன. ஒரு முதியவரின் ஓய்வூதிய மனுவில், எரிந்துபோன கணக்கெடுப்பின் ஒரு வீடு முழுசாக உட்கார்ந்திருக்கும். இப்படிச் சிதறிய நகல்களை உலகமெங்கும் இருந்து திரட்டி, 2022 ஜூனில் அயர்லாந்தின் மெய்நிகர் ஆவணக் கருவூலம் என்று இணையத்தில் திறந்தார்கள். உங்கள் டவுன்லேண்ட் பெயரை அதில் போட்டுப் பாருங்கள்.

“ஞானஸ்நானப் பதிவேடு எந்தச் சர்ச்சுல இருக்கும்?”

ஆங்கிலக் குடியேறிகளில் பெரும்பாலோர் அயர்லாந்து திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அது ஆங்கிலிக்கன் சபை. 1870 முடியும் வரை நாட்டின் அதிகாரபூர்வ சபை. அந்தத் தகுதியாலேயே அதன் பழைய பதிவேடுகள் பொது ஆவணமாகி, காப்பகத்துக்குப் போய், முந்தைய பதிலில் சொன்ன தீயில் மாட்டின. கத்தோலிக்க, பிரெஸ்பிட்டேரியன் பதிவேடுகள் அங்கே போகாததால் தப்பின.

தப்பித்த ஆங்கிலிக்கன் பதிவேடுகள் இன்னும் அந்தந்தப் பாரிஷிலோ டப்ளினில் உள்ள திருச்சபையின் பிரதிநிதிக் குழு நூலகத்திலோ இருக்கும். வடக்குப் பகுதிக்கு பெல்ஃபாஸ்ட் ஆவண அலுவலகத்தில் கேளுங்கள். உங்கள் பாரிஷின் பதிவேடு எரிந்துவிட்டது என்றால் அங்கேயே சோர்ந்து உட்காராமல் அடுத்த பதிலுக்குப் போங்கள்.

“பத்திரப் பதிவெல்லாம் ஜமீன்தார்களுக்குத்தானே? எங்க ஆளு சாதாரண விவசாயி.”

பாதி சரி. டப்ளின் ஹென்ரியெட்டா தெருவில் இருக்கும் பத்திரப் பதிவகம் 1708 முதல் இயங்குகிறது. அங்கே பத்திரத்தின் மூலம் இருக்காது. மெமோரியல் எனப்படும் சுருக்கம் இருக்கும். எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர், நிலம், சாட்சிகள் எல்லாம் அதில் வரும். விற்பனை, அடமானம், கல்யாண ஒப்பந்தம், குத்தகை, சில உயில்கள் என்று எல்லா வகையும் உண்டு. கல்யாண ஒப்பந்தத்தில் இரண்டு குடும்பத்துப் பெரியவர்களும் வரிசையாக நிற்பார்கள்.

சாதாரண விவசாயிக்கு உதவுவது ‘மூன்று உயிர்’ குத்தகை. இத்தனை வருஷம் என்று காலம் எழுதாமல், பெயர் குறிப்பிட்ட மூன்று பேரில் கடைசி ஆள் உயிரோடு இருக்கும் வரை குத்தகை செல்லும் என்று எழுதுவார்கள். நீண்ட நாள் வாழ வேண்டும் என்பதால் குத்தகைக்காரர் பெரும்பாலும் தன் சின்னப் பிள்ளைகளின் பெயரைக் கொடுப்பார், பல நேரம் வயதோடு. நண்பரின் குடும்பத்தில் நான் பார்த்த குத்தகை, குத்தகைக்காரர், அவர் மனைவி, ‘ஏழு வயதுள்ள இரண்டாம் மகன்’ என்று மூன்று உயிர்களைச் சொல்லியது. அந்தப் பாரிஷின் ஞானஸ்நானப் பதிவேடு 1922-ல் சாம்பலாகிவிட்டது. அந்தப் பையன் பிறந்ததற்கு இருக்கும் ஒரே அத்தாட்சி அந்த ஒரு வரி. இன்னொரு குறிப்பும் அதில் ஒளிந்திருக்கிறது: 1778 வரை கத்தோலிக்கர்கள் 31 ஆண்டுக்கு மேல் குத்தகை எடுக்கச் சட்டம் விடவில்லை. ஆகவே அதற்கு முன் மூன்று உயிர் குத்தகை எடுத்தவர் சட்டத்தின் கண்ணில் புராட்டஸ்டன்ட்.

தேடுவதில் ஒரு தொல்லை உண்டு. பெயர் அட்டவணை எழுதிக் கொடுத்தவரின் பெயரில் மட்டும் இருக்கும், 1833 வரை ஊரும் இருக்காது. குத்தகைக்கு எடுத்தவரைத் தேட வேண்டுமானால் நில அட்டவணைக்குப் போய் டவுன்லேண்டில் தேடுங்கள்.

“பத்திரமே எழுதாதவங்களுக்கு வழியே இல்லையா?”

இருக்கிறது. 1847 முதல் 1864 வரை ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் நாடு முழுக்க நில மதிப்பீடு நடந்தது. யார் அனுபவிக்கிறார், யாரிடம் குத்தகை, எவ்வளவு நிலம், என்ன மதிப்பு என்று நம்மூர் அடங்கல் மாதிரி இருக்கும். அதற்கு முந்தியது 1823 முதல் 1837 வரையிலான தசமபாகப் புத்தகங்கள், அதாவது திருச்சபைக்குச் செலுத்த வேண்டிய வரிக்காக நிலம் வைத்திருந்தவர்களைக் குறித்தவை. அல்ஸ்டர் என்றால் 1796-ன் ஆளிவிதை விவசாயிகள் பட்டியலும், 1630 வாக்கில் எடுத்த படைத்திரட்டுப் பட்டியலும் உண்டு. பிந்தையதில் யாரிடம் வாள், யாரிடம் ஈட்டி என்பதுகூட எழுதியிருக்கும்.

கிரிஃபித்தில் குத்தகை கொடுத்தவர் பெயரைக் கவனியுங்கள். அவர் பெரிய நிலப்பிரபு என்றால் அவருடைய எஸ்டேட் கணக்குகள் டப்ளின் தேசிய நூலகத்திலோ பெல்ஃபாஸ்டிலோ இருக்கலாம். வாடகைப் பேரேட்டில் அப்பா பெயர் அடிக்கப்பட்டு மகன் பெயர் எழுதப்பட்ட வருஷம், பல நேரம் அப்பா இறந்த வருஷமாக இருக்கும்.

“நிலம் ஒரு பத்திரத்துல 100 ஏக்கர், கிரிஃபித்துல 162. நடுவுல வாங்கினாங்களா?”

அதே நிலமாகத்தான் இருக்கும். பழைய பத்திரங்களில் ஐரிஷ் ஏக்கர், கிரிஃபித்தில் ஆங்கில ஏக்கர். ஐரிஷ் ஏக்கர் 7,840 சதுர கஜம், ஆங்கில ஏக்கர் 4,840.

“உயில் 1741 பிப்ரவரின்னு இருக்கு, ஆனா 1741 ஏப்ரல்ல ஆள் உயிரோட குத்தகை எழுதியிருக்காரே!”

இரண்டும் சரி. 1752 வரை புத்தாண்டு மார்ச் 25-ல்தான் பிறந்தது. எனவே 1741 பிப்ரவரி என்பது 1741 ஏப்ரலுக்குப் பிறகு வருவது. நம் கணக்கில் 1742 பிப்ரவரி. ஜனவரி 1-க்கும் மார்ச் 24-க்கும் இடைப்பட்ட தேதிகளை 1741/2 என்று இரட்டையாகக் குறித்துவிடுங்கள். குவேக்கர் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவின் பதிவேடுகளில் மாதப் பெயர்கூட இருக்காது. ‘முதல் மாதம்’ என்பார்கள். 1752-க்கு முன் அது மார்ச், அதன் பிறகு ஜனவரி.

“எங்க முன்னோர் கிராம்வெல்லோட வந்த கேப்டன்னு ஒரு புத்தகத்துலயே போட்டிருக்கு. போதாதா?”

போதாது. 19-ம் நூற்றாண்டின் நிலக்கிழார் வம்சாவளிப் புத்தகங்களில் இருப்பது பெரும்பாலும் அந்தந்தக் குடும்பங்களே எழுதி அனுப்பியது. தாத்தா வரை சரியாக இருக்கும், மேலே போகப் போகக் கதை. கிராம்வெல்லின் சாதாரணச் சிப்பாய்களில் மிகப் பலர், சம்பளத்துக்குப் பதிலாகக் கிடைத்த நிலச் சீட்டை அதிகாரிகளிடம் விற்றுவிட்டு ஊர் திரும்பினார்கள். 1630-லேயே நிலத்தில் இருந்த குடும்பங்களையும் பின்னால் கிராம்வெல் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

சோதிக்க இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன. 1641-ல் ஐரிஷ் கத்தோலிக்கர்கள் செய்த கலகத்துக்குப் பின் குடியேறிகள் கொடுத்த வாக்குமூலங்கள் சுமார் 8,000 டிரினிட்டி கல்லூரியில் உள்ளன, இணையத்திலும் படிக்கலாம். பெயர், ஊர், தொழில், பறிபோன மாடு, தானியம், வரவேண்டிய கடன் என்று எண்ணி எண்ணிச் சொல்லியிருப்பார்கள். பயந்த, துக்கத்தில் இருந்த மனிதர்கள் சொன்னது. கேள்விப்பட்டதையும் கண்டதாகச் சொன்ன இடங்கள் உண்டு. கொலைக் கணக்குக்கு அல்ல, யார் எங்கே வாழ்ந்தார் என்பதற்கு அதை நம்புங்கள். மற்றது வில்லியம் பெட்டி 1656 முதல் 1658 வரை நடத்திய டவுன் (Down) சர்வே என்ற நில அளவை. 1641-லும் 1670-லும் ஒவ்வொரு டவுன்லேண்டும் யார் கையில் இருந்தது என்று அந்த வரைபடங்களோடு சேர்த்து இணையத்தில் பார்க்கலாம். 1641-லேயே உங்கள் குடும்பப் பெயர் அங்கே இருந்தால், கேப்டன் கதை முடிந்தது.

“கணக்கெடுப்புல ரோமன் கத்தோலிக்கம்னு இருக்கு. அப்போ ஆங்கிலக் குடும்பம் இல்லையா?”

அப்படிச் சொல்ல முடியாது. இரண்டாவது பதிலில் சொன்ன பழைய ஆங்கிலேயர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்களாகவே இருந்து, அதற்காகவே 1650-களில் நிலத்தை இழந்தவர்கள். பின்னால் வந்தவர்களின் ஏழைக் கிளைகளும் பக்கத்து வீட்டில் பெண் எடுத்து மூன்று தலைமுறையில் கத்தோலிக்கர் ஆனதுண்டு. எதிர்ப் பக்கமாக, சொத்தைக் காப்பாற்ற ஆங்கிலிக்கன் சபைக்கு மாறிய கத்தோலிக்கர்களின் பட்டியல் 1703 முதல் இருக்கிறது. அது வெறும் பெயர்ப் பட்டியல்தான். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் என்னால் அதைப் புரட்ட முடிவதில்லை.

“இங்கிலாந்துல எந்த ஊர்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?”

அயர்லாந்தின் முதல் ஆள் யார், எந்த டவுன்லேண்ட் என்று தெரிந்த பிறகு, அவருக்கு நிலம் கொடுத்தவரைப் பாருங்கள். பிரபுக்கள் தங்கள் சொந்த ஊர்ப்பக்கத்து ஆட்களையே கூட்டிவந்தார்கள். மன்ஸ்டருக்கு டெவன், சாமர்செட்டிலிருந்து நிறையப் பேர் வந்தது அப்படித்தான். பிரபுவின் ஊரைச் சுற்றிய பாரிஷ்களில் தேடினால், பெயரை மட்டும் வைத்து இங்கிலாந்து முழுக்க அலைவது குறையும்.

குவேக்கர் குடும்பம் என்றால் பாக்கியசாலி. ஓர் ஊர்ச் சபையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது சான்றிதழ் கொண்டுபோவார்கள், இங்கிலாந்தின் எந்தச் சபை என்று அதில் இருக்கும். யார்க்‌ஷயரிலிருந்து வந்து 1726-ல் கில்டேர் கவுண்டியின் பாலிட்டோரில் பள்ளி தொடங்கிய ஏப்ரகாம் ஷாக்கில்டன் குவேக்கர். எட்மண்ட் பர்க் படித்தது அந்தப் பள்ளியில். தென்துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கில்டன் அதே குடும்பத்தில், அதே கவுண்டியில் 1874-ல் பிறந்தார்.

“டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா சுலபமா முடியாதா?”

ஐந்தாறு தலைமுறை வரை உறவினர்களைக் கண்டுபிடிக்க நல்ல உதவி. 1610-ல் கப்பலேறியவர் அதற்கெல்லாம் ரொம்பத் தூரம். ஆண் வழியில் மட்டும் போகும் ஒய் குரோமோசோம் சோதனை அவ்வளவு தூரம் எட்டும், ஆனால் ஒப்பிட இங்கிலாந்தில் அதே வழியைச் சேர்ந்த ஒருவரும் எடுத்திருக்க வேண்டும்.

“மெட்ராஸ்ல இருந்த எங்க தாத்தாவை அயர்லாந்தோட எப்படி இணைக்கிறது?”

கம்பெனிப் படையில் ஐரிஷ்காரர்கள் ஏராளம். 1760-ல் வந்தவாசியில் ஜெயித்த அயர் கூட், லிமரிக் பக்கத்துப் பாதிரியாரின் மகன். 1600 வாக்கில் படையோடு அயர்லாந்து வந்த சார்லஸ் கூட்டின் வழியில் வந்தவர். அங்கே தோற்ற பிரெஞ்சுத் தளபதி லாலியும் ஐரிஷ் வழிதான், நாட்டை விட்டுப் போன கத்தோலிக்கக் குடும்பம். வந்தவாசிக் கோட்டையைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

மெட்ராஸ் மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகள் 1698 முதல் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. தாத்தா அதிகாரியாகச் சேர்ந்தவர் என்றால் அங்கேயே கேடட் மனுக்களைப் பாருங்கள், 1789 முதல் உண்டு. வயதை நிரூபிக்க ஞானஸ்நானச் சான்றின் நகலை அதோடு வைத்திருப்பார்கள். அயர்லாந்தில் அந்தப் பாரிஷின் பதிவேடு 1922-ல் எரிந்திருந்தாலும், அதிலிருந்து பாதிரியார் பார்த்து எழுதிக் கையெழுத்திட்ட அந்தச் சீட்டு லண்டனில் மடிப்புக் கலையாமல் இருக்கக்கூடும்.